இஹ்ராமில் ஒரு தகவல்

— திரும்பச் சொல்லு.

— நீங்க கத்தாம கேக்கறதா இருந்தா சொல்றேன்.

— நான் எங்கே கத்தினேன்?

— இப்பத்தான். முன் சீட்டு டீச்சரம்மா திரும்பிப் பாத்தாங்க. பஸ்ல பாதிப் பேரு தூங்கறாங்க, மீதிப் பேரு லப்பைக் ஓதிட்டு வர்றாங்க.

— சரி. லப்பைக் அல்லாஹும்ம லப்பைக். இப்பச் சொல்லு.

— இந்த உம்ரா யாத்திரை முடிஞ்சு ஊருக்குத் திரும்பினதும் நான் நம்ம வீட்டுக்கு வரலைங்க. ஏர்போர்ட்ல இறங்கினதும் நீங்க வீட்டுக்குப் போங்க. நான் ஹாஸ்டலுக்குப் போறேன்.

— எந்த ஹாஸ்டல்?

— வேலைக்குப் போற பொண்ணுங்க தங்கற ஹாஸ்டல். என்கூடப் படிச்சவ நடத்தறா. வார்டனா வரச் சொல்லியிருக்கா. தங்க ரூம் தர்றா. ஜன்னல் வெச்ச ரூம்.

— எவ்வளவு நாளைக்கு?

— நாள் கணக்கெல்லாம் இல்லைங்க. இனிமே அங்கதான்.

— இந்தா பாரு, வெளையாடாத.

— வெளையாடல. சண்டையும் போடல. தகவல் சொல்றேன்.

— தகவலா? பொண்டாட்டி புருஷனை விட்டுட்டுப் போறது உனக்குத் தகவலா? ஏன்டி...

— குரல்.

— லப்பைக் அல்லாஹும்ம லப்பைக்! லப்பைக் லா ஷரீக லக லப்பைக்!

— மெதுவாச் சொன்னாலே அல்லாவுக்குக் கேக்கும்.

— என்னை எதுவும் பேச முடியாத எடத்துல உக்கார வெச்சு இதைச் சொல்றியே, நல்லா இருக்கா உனக்கு?

— அதுக்குத்தான் இங்க சொல்றேன். வகுப்புல ஹஜ்ரத் என்ன சொன்னார்? இஹ்ராம் கட்டிட்டா வாசனை பூசக் கூடாது, முடி, நகம் வெட்டக் கூடாது, ஒரு உசிரைக் கொல்லக் கூடாது, யார்கூடயும் சண்டை போடக் கூடாது. நீங்கதான் முன்வரிசையில உக்காந்து தலையாட்டினீங்க.

— அது பொதுவாச் சொன்னது.

— பொதுவாச் சொன்னா உங்களுக்கு இல்லையா?

— அப்ப இதுக்குத்தான் பிளான் போட்டு என்னைக் கூட்டிட்டு வந்தியா?

— இல்ல. அல்லாவோட வீட்டைப் பாக்கணும்னு வந்தேன். வர்றதோட வர்றது, இதையும் சொல்லிடலாம்னு நினைச்சேன். வீட்டுல வெச்சு நான் 'என்னங்க'ன்னு ஆரம்பிச்சா நீங்க என்ன பண்ணுவீங்க? முழுசாக் கேப்பீங்களா?

— கேப்பேன்.

— நம்ம பொண்ணு சின்னவ பிரசவத்துக்கு எந்த ஆஸ்பத்திரின்னு கேக்க வந்தேன். முதல் வார்த்தையிலேயே 'காசு காசுன்னு பிடுங்காத'ன்னு தெரு முனை வரைக்கும் கேக்கற மாதிரி கத்தினீங்க. நான் காசே கேக்கல. ஆஸ்பத்திரி பேரு கேட்டேன்.

— அன்னிக்கு ஏதோ டென்ஷன். மண்டபத்துல ஸ்பீக்கர் அவுட்டு.

— தினமும் ஏதோ ஒண்ணு அவுட்டு.

— என் தொழில் அப்படி. மைக்செட்காரன் குசுகுசுன்னா பேச முடியும்? பெட்டி பெட்டியா ஸ்பீக்கர் அலறும். அதுக்கு நடுவுல 'வயரைப் பிடிடா'ன்னு சொல்லணும். தொண்டை அப்படியே பழகிடுச்சு.

— கடைக்கு ஆர்டர் குடுக்க வர்றவங்ககிட்ட எப்படிப் பேசறீங்க?

— அது வேற.

— 'வாங்க சார், உக்காருங்க சார், டீ சொல்லட்டுமா சார்.' பஞ்சு மாதிரி வருது குரல். உள் ரூம்ல துணி மடிச்சுக்கிட்டே கேப்பேன். யாரு இந்த மனுஷன், நல்ல மனுஷனா இருக்காரேன்னு தோணும்.

— கிண்டல் பண்றியா?

— நிஜமாத்தான். அவரைக் கட்டியிருந்தா நான் ஹாஸ்டலுக்குப் போக மாட்டேன்.

— லப்பைக்!

— பக்கத்து சீட்டுல இருந்து யாரோ மாஷா அல்லாங்கறாங்க. ஹஜ்ரத்துகூட ஏறும்போது சொன்னார், 'மைக்செட் பாய் மாதிரி லப்பைக் சொல்ற ஆளை நான் பாத்ததில்லை'ன்னு.

— நான் எதுக்குச் சொல்றேன்னு அவருக்குத் தெரியுமா?

— எனக்குத் தெரியுமே.

*

— கதவைச் சாத்து. ரூம்ல என்கூடத் தங்கற பக்கத்துக் கட்டில்காரர் கீழே டீ குடிக்கப் போயிருக்கார். அவர் வர்றதுக்குள்ள பேசிடலாம்.

— பேசலாம். முதல்ல அந்த மேல்துண்டைச் சரியாப் போடுங்க, தரையில இழுபடுது.

— தையல் இல்லாத துணி, ஒரு நேரம் இறங்குது, ஒரு நேரம் நழுவுது. பாக்கெட்டும் கிடையாது. கையை எங்கே வைக்கறதுன்னே தெரியல.

— இப்படித் திரும்புங்க. பெல்ட்டை இறுக்கினா நிக்கும். ஆச்சு.

— உன் பெட்டியையும் இங்கேயே இறக்கிட்டாங்க. இவ்வளவு பெரிய பெட்டி எதுக்குன்னு கிளம்பும்போதே கேட்டேன். 'வழியில உதவும்'னு சொன்ன.

— பொய் இல்லையே.

— திறந்து காட்டு.

— பாத்துக்கங்க. இது ஆறு புடவை. இது போர்வை. இது என் ஸ்கூல் சர்டிபிகேட். இது கெட்டில். அந்த ரூம்ல அடுப்பு கிடையாதாம்.

— கெட்டிலா? நான் நிஜமா நம்பலடி. பஸ்ல சொன்னப்போ நீ ஏதோ கோவத்துல பேசறேன்னு நினைச்சேன். கெட்டிலே வாங்கி வெச்சிருக்க.

— நான் கோவத்துல பேசினதை எப்பப் பாத்திருக்கீங்க?

— பாத்ததில்லை. உன் தங்கச்சிதான் தூண்டி விட்டாளா? அவளுக்கு என்னைக் கண்டாலே ஆகாது.

— அவளுக்கே தெரியாது. புள்ளைங்களுக்கும் தெரியாது. முதல்ல உங்ககிட்டத்தான் சொல்றேன். அந்த மரியாதையை நான் குடுத்துட்டேன்.

— நான் உன்னை ஒரு அடி அடிச்சிருப்பேனா?

— இல்ல.

— சாப்பாட்டுக்கு, துணிக்குக் குறை வெச்சிருப்பேனா?

— இல்ல.

— குடியா, வேற பொம்பளையா, சீட்டாட்டமா?

— இல்லைங்க. எதுவும் இல்ல. சத்தம்தான்.

— சத்தத்துக்கா ஒருத்தி வீட்டை விட்டுப் போவா? ஊர்ல சொன்னா சிரிப்பாங்க.

— சிரிக்கட்டும். நான் பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு உக்காந்திருப்பேன், தெரியுமா? துவைக்கறேன்னு நினைப்பீங்க. வாளி நிரம்பி வழியும். தண்ணிச் சத்தத்துல உங்க சத்தம் கேக்காது. அதுக்குத்தான்.

— தண்ணி பில்லு ஏறுதேன்னு கேட்டப்பக்கூட நீ சொல்லலியே.

— பாருங்க, அதையும் கத்தித்தான் கேட்டீங்க.

— சரி, கத்தறவன்தான். ஒத்துக்கறேன். இத்தனை வருஷமா கத்தறவன்தானே? இப்ப மட்டும் ஏன்? என்ன நடந்துச்சுன்னு சொல்லு.

— சொன்னா தாங்குவீங்களா?

— சொல்லு.

— எங்கம்மா மவுத்தான அன்னிக்கு என் தம்பி போன் பண்ணினான். ஞாபகம் இருக்கா?

— இருக்கே. உடனே வண்டி பிடிச்சு உன்னைக் கூட்டிட்டுப் போனேன். கபருஸ்தான் வரைக்கும் தோள் குடுத்தேன்.

— குடுத்தீங்க. நான் இல்லேங்கல. போன் வந்தப்போ நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?

— என்ன பண்ணிட்டிருந்தேன்?

— ஆம்ப்ளிஃபயர் வெச்ச அலமாரி சாவி காணோம்னு தேடிட்டிருந்தீங்க. 'எங்கடி வெச்ச, எங்கடி வெச்ச'ன்னு ஹாலுக்கும் ரூமுக்கும் நடந்துக்கிட்டே கத்தறீங்க. நான் போனைக் காதுல வெச்சிருக்கேன். அந்தப் பக்கம் தம்பி ஏதோ சொல்றான். எனக்குக் கேக்கல. 'என்னடா, திரும்பச் சொல்லு'ன்னு கேட்டேன். அவன் அழுதுக்கிட்டே மறுபடி சொன்னான். அதுவும் கேக்கல. 'சத்தமாச் சொல்லுடா'ன்னேன். 'அம்மா போயிட்டாங்கக்கா'ன்னு அவன் கத்தினான். அம்மா செத்த சேதியை என் தம்பி எனக்குக் கத்திச் சொல்ல வேண்டியதாப் போச்சு.

— நான் சாவியைத்தானே தேடினேன்.

— சாவி உங்க சட்டைப் பையிலதான் இருந்துச்சு.

— எனக்குத் தெரியாதே.

— தெரியாதுன்னு எனக்குத் தெரியும். நீங்க கெட்டவரு இல்ல. கேட்டவுடனே சாவி தேடறதை விட்டுட்டு என் பக்கத்துல வந்து உக்காந்தீங்க. முதுகைத் தடவிக் குடுத்தீங்க. ஆனா எனக்குள்ள அன்னிக்கு ஏதோ ஒண்ணு முடிஞ்சு போச்சுங்க. எனக்கு வர்ற சேதியைக்கூட நான் கேக்க முடியாத வீட்டுல இனிமே இருக்க வேணாம்னு முடிவு பண்ணிட்டேன்.

— இதை ஏன் இத்தனை நாள் சொல்லல?

— எப்பச் சொல்றது? சத்தம் நிக்கணும்ல. என்னங்க? லப்பைக்கூடக் காணோம்?

— வரல.

— போன் அடிக்குது. ஹஜ்ரத்தாத்தான் இருக்கும். எல்லாரும் கீழே நிப்பாங்க. எழுந்திரிங்க. கஅபாவைப் பாக்கறதுக்குத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கோம், முகத்தைத் தொங்கப் போட்டுட்டு வராதீங்க.

— என் கையைப் பிடிச்சுக்குவியா? கூட்டத்துல தொலைஞ்சுடுவேன்.

— பிடிச்சுக்கறேன். ஊருக்குப் போறவரைக்கும் நான் உங்க பொண்டாட்டிதான்.

*

— அடுத்த ஆள் வாங்கண்ணே. இந்த சேர் காலி. மொட்டையா, மெஷினா?

— இருப்பா. ஒரு நிமிஷம்.

— வெளியில கியூ நிக்குதுண்ணே. கஅபாவைச் சுத்தித் தவாஃப் முடிச்சு, ஓட்டம் முடிச்சு எல்லாரும் ஒரே நேரத்துல வந்து இறங்கிட்டாங்க. அம்மா, நீங்க அந்த ஓரமா பெஞ்ச்ல உக்காருங்கம்மா. உங்க வீட்டுக்காரரைத் தக்காளி மாதிரி ஆக்கித் தர்றேன்.

— பரவால்ல தம்பி, நிக்கறேன். என்னங்க, உக்காருங்க. கால் வலிக்கலியா? சுத்தும்போது வீல்சேர் தள்ளின பையன் உங்க கட்டை விரல்ல ஏத்தினானே, காட்டுங்க. கறுத்துப் போச்சே.

— விடு.

— நான் கண்ணை மூடிக்கிட்டேன், இன்னிக்கு ஹரம் பள்ளிவாசலே அதிரப் போகுதுன்னு. நீங்க ஒரு வார்த்தை பேசல. தவாஃப் ஆரம்பிச்சா லப்பைக்கை நிறுத்திடணும்னு ஹஜ்ரத் சொல்லிட்டார், அதைச் சொல்லியும் சமாளிக்க முடியாது. என்ன பண்ணினீங்க?

— நாக்கைக் கடிச்சுக்கிட்டேன்.

— அந்தப் பையன் பயந்து போயிட்டான். நீங்க அவன் முதுகைத் தட்டி, போ போன்னீங்க. அதைப் பாத்து எனக்கு அழுகையே வந்துடுச்சு.

— நான் ஒண்ணு சொல்லவா?

— சொல்லுங்க.

— சுத்தும்போது என்னென்னமோ கேக்கணும்னு எழுதி மனப்பாடம் பண்ணி வெச்சிருந்தேன். பையன் வேலை, சின்னவ பிரசவம், கடை, என் சுகர். எதுவும் வாயில வரல. உன் தம்பி கத்தினதுதான் காதுல கேட்டுக்கிட்டே இருந்துச்சு. முழுசா அதையேதான் சுத்தினேன். கடைசியில உங்கம்மாவுக்கு துஆ கேட்டேன். அப்புறம் அவங்ககிட்ட மாப்பு கேட்டேன். மாப்பு உன்கிட்டத்தான் கேக்கணும், எனக்குத் தெரியும். வாய் வரல.

— அண்ணே, உக்காந்துக்கிட்டே பேசுங்கண்ணே. நான் பாட்டுக்கு வேலையைப் பாக்கறேன்.

— தம்பி, ஒரு சந்தேகம். முடி வெட்டினாத்தானே இஹ்ராம் கலையும்?

— ஆமாண்ணே. இதுதான் கடைசி. ரெண்டு நிமிஷம், நீங்க ஃப்ரீ. ரூமுக்குப் போயி சோப்புப் போட்டுக் குளிச்சு, சட்டை மாட்டி, செண்ட் அடிச்சுக்கிட்டு சும்மா ஜம்முன்னு வரலாம்.

— வெட்டலைன்னா?

— வெட்டலைன்னா இஹ்ராம்லயே இருப்பீங்க. யாருண்ணே வெட்டாம இருப்பா?

— நான் இருப்பேன். எனக்கு வெட்ட வேணாம்.

— என்னங்க, என்ன பேசறீங்க? ஆளுங்க காத்துட்டு நிக்கறாங்க.

— நிக்கட்டும். இந்தா பாரு, நான் யோசிச்சுத்தான் சொல்றேன். இதை மாட்டினதுல இருந்து நான் யாரையும் ஒரு வார்த்தை சொல்லல. பஸ்ல நீ அப்படி ஒரு குண்டைத் தூக்கிப் போட்ட, கத்தல. ரூம்ல கெட்டிலைக் காட்டின, கத்தல. விரல் நசுங்குச்சு, கத்தல. அப்ப இந்தத் துண்டுல ஏதோ இருக்கு. நான் இப்படியே இருந்துடறேன். நீ வீட்டுக்கு வா.

— இப்படியேன்னா?

— இப்படியே. இஹ்ராம்லயே.

— கடைக்கு?

— இதோட போவேன்.

— கல்யாண மண்டபத்துல இந்த ரெண்டு துண்டைக் கட்டிக்கிட்டு ஏணியில ஏறுவீங்களா?

— பெல்ட்டை இறுக்கிக்கிட்டா நிக்கும்னு நீதானே சொன்ன.

— வாசனை சோப்பு போடக் கூடாது. தலையில தொப்பி வைக்கக் கூடாது. நகம் வளரும்.

— வளரட்டும்.

— புருஷன் பொண்டாட்டி ஒரே ரூம்ல இருந்தும் ஒட்டு உறவு கூடாது.

— அம்மா, நான் வேணா கொஞ்சம் வெளியில நிக்கட்டுமாம்மா?

— நீ இரு தம்பி. இவருக்கு நீயாவது புத்தி சொல்லு.

— அண்ணே, இது வேலைக்கு ஆகாதுண்ணே. இந்தக் கடைக்கு எத்தனையோ பேரு வர்றாங்க. முடி கொட்டிப் போச்சுன்னு அழுதவங்களைப் பாத்திருக்கேன். வெட்டாதேன்னு அழற ஆளை இப்பத்தான் பாக்கறேன்.

— யாருப்பா அழறா? வேர்வை.

— ஏசி ஓடுதுண்ணே.

— என்னங்க, நிமிர்ந்து என்னைப் பாருங்க. முடியிலயா இருக்கு உங்க குரல்? துண்டுலயா இருக்கு? அந்த விரலை நசுக்கினவனை விட்டது நீங்கதான். துணி விடல.

— எனக்கு அது தெரியாதுடி. நான் எப்பப் பாத்தேன் என்னை இப்படி? எனக்கு மெதுவா இருக்க வராதுன்னே நினைச்சுட்டேன். என்னைப் பெத்த அத்தா கத்துவார், நான் கத்தினேன், பெரியவன் இப்ப அவன் பொண்டாட்டிகிட்டக் கத்தறான். இந்தத் துண்டை அவுத்துட்டு சட்டையை மாட்டினா பழைய ஆளு வந்து உக்காந்துக்குவான். எனக்குப் பயமா இருக்கு. நீ அந்த ரூமுக்குப் போயிட்டா நான் யார்கிட்ட சாவி எங்கேன்னு கேப்பேன்?

— கேக்கறதுக்கு ஆள் வேணும்னா வேலைக்கு ஒருத்தனை வெச்சுக்கங்க.

— அப்படிச் சொல்லல. எனக்கு நீ வேணும். இதைக்கூட ஒழுங்காச் சொல்லத் தெரியல. நீயும் ஒரு தடவையாவது எனக்குத் திருப்பிப் பேசியிருக்கலாம். 'வாயை மூடுய்யா'ன்னு ஒரு நாள் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தா எனக்கு உறைச்சிருக்கும்.

— சொல்லியிருந்தா யாருக்குக் கேட்டிருக்கும்?

— இப்பக் கேக்கும். இப்பப் பேசு. காலையில இருந்து பேசறியே, அந்த மாதிரிப் பேசு.

— காலையில பேசினது பேச்சா? அது தகவல். நானும்தானே இஹ்ராம்ல இருந்தேன். சண்டை ஆயிடக் கூடாதேன்னு ஒவ்வொரு வார்த்தையையும் பாத்துப் பாத்துத் தேய்ச்சு வெச்சுச் சொன்னேன். உள்ள இருக்கறதுல அது கால்வாசிகூடக் கிடையாது.

— கால்வாசியே அப்படியா?

— தம்பி, கோவிச்சுக்காதீங்க. இந்த சேரை அடுத்த ஆளுக்குக் குடுங்க. ஒரு கத்திரிக்கோல் மட்டும் இரவல் தாங்க, இவருக்கு நானே வெட்டி விட்டுக்கறேன்.

— எடுத்துக்கங்கம்மா. கூர் ஜாஸ்தி, பாத்து. இப்பவே வெட்டப் போறீங்களா?

— இப்ப இல்ல. நேரம் ஆகும். நாங்க வெளியில அந்த நிழல்ல உக்காந்திருக்கோம். என்னங்க, வாங்க இப்படி. இந்தப் படியில உக்காருங்க. காலை நீட்டிக்கங்க, விரல்ல இடிக்காம. ஹாஸ்டலா வீடாங்கறதை நான் பேசி முடிச்சப்புறம் பாத்துக்கலாம்.

— நீயும் உக்காரு. ஆனா நீ எப்படிப் பேசுவ? இஹ்ராம்ல சண்டை கூடாதுன்னு நீதானே சொன்ன.

— எனக்கு நுனி முடி வெட்டியாச்சுங்க, நீங்க செருப்புத் தேடிட்டிருந்தப்பவே டீச்சரம்மா வெட்டி விட்டுட்டாங்க. இப்ப இஹ்ராம்ல இருக்கறது நீங்க மட்டும்தான், அதனால வாயை மூடிக்கிட்டுக் கேளுய்யா, நம்ம கல்யாண நாள்ல இருந்து ஆரம்பிக்கறேன்.